பாளையத்துக்கு வெளியே

2020 மே 6 அன்று தமிழ்நாட்டில் 771 பேருக்குக் கொரோனா என்று செய்தி வந்தது. அதில் 188 பேர் எங்கள் அரியலூர் மாவட்டம். அதுவரை சிமெண்டு ஆலை, சுண்ணாம்புக்கல் என்றுதான் எங்கள் மாவட்டத்தின் பெயர் செய்தியில் அடிபடும். அன்றிலிருந்து எங்கள் திருமானூர்ப் பக்கம் யாரும் சென்னையின் கோயம்பேடு சந்தைப் பெயரைச் சாதாரணக் குரலில் சொல்லவில்லை.

எங்களுடையது கொள்ளிடம் ஆற்றங்கரை ஊர் என்றதும் எல்லார் வீட்டிலும் நெல் குவிந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் வேலை. அது வந்தாலும் நிலம் இருப்பவனுக்குத்தான் விளைச்சல். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போவார்கள். ராத்திரி முழுக்க லாரியில் சுமை இறக்கிவிட்டு, பகலில் கடை ஓரத்திலேயே படுத்துக்கொள்வார்கள். சந்தையில் தொற்று பரவி, மே 5-ல் அதை மூடியபோது அவர்கள் வேறு எங்கே போவார்கள்? காலி லாரிகளில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார்கள்.

நான் ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். அந்த வருடத் தவக்காலம் பாதியிலேயே வீட்டுக்குள் அடைபட்டுவிட்டது. மார்ச் 27-ஆம் தேதி மழை ஈரத்தில் ஆளே இல்லாத சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் நின்றுகொண்டு, படகில் புயலுக்குப் பயந்த சீடர்களைப் பற்றிப் பேசியதைக் கைப்பேசியில் பார்த்தோம். ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு வாசற்படியோடு சரி. பெரிய வெள்ளி சிலுவைப்பாதையும் 12-ஆம் தேதி உயிர்ப்புப் பூசையும் மாதா தொலைக்காட்சியில்.

கோயில் பூட்டிக் கிடப்பதே விசுவாசத்துக்கு வந்த பெரிய சோதனை என்று பலரும் அழுதார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமியார் வருடத்துக்கு ஓரிரு முறை தலைகாட்டிய காலத்தில் எங்கள் முன்னோர் உபதேசியார் சொல்லிக்கொடுத்த செபத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளியவர்கள். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டிய அரசில் கிறிஸ்தவர்கள் துரத்தப்பட்டபோது, ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து பிழைத்தார்கள் என்பது இங்குள்ள வழக்கு. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகம் பாடினார். மாதாவுக்கும் இங்கே அடைக்கல அன்னை என்றுதான் பெயர். அப்படி ஓடிவந்தவர்களின் வாரிசுகளுக்கு மே மாதம்தான் சோதனை வந்தது.

எங்கள் ஊர் நுழைவில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். போட்டவர்களில் தினம் செபமாலை சொல்கிறவர்களும் உண்டு. கோயம்பேட்டிலிருந்து வந்த ஒரு பையனை அவன் அம்மா வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் தங்க வைத்திருந்தாள். "எம்புள்ள என்னத்தைத் திருடிட்டு வந்தான் டீச்சர், இப்படி முள்ளு போடுறாங்க?" என்று தெருமுனையில் நின்று கேட்டாள். பக்கத்தில் வராமல், தானாகவே பத்தடி தள்ளி நின்றுதான் கேட்டாள். அவள் தெருக்காரர்களுக்குத் தள்ளி நிற்பதைச் சுகாதாரத் துறை வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அது எங்கள் ஊரில் கொரோனாவுக்கு ரொம்ப முந்திய வழக்கம்.

சாயங்காலம் முள்வேலிக்குப் பக்கத்தில் பேச்சு முற்றியது. வேதம் படித்த ஒருவர் லேவியர் ஆகமத்தை எடுத்தார். "தொழுநோயாளி பாளையத்துக்கு வெளிய இருக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காருல்ல" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் பழைய உபதேசியார் ஐயாதான் வாய் திறந்தார். "பதிமூணாம் அதிகாரத்தோட நிறுத்திட்டா எப்படிப்பா? பதினாலையும் படி."

அன்றிரவு எடுத்துப் படித்தேன். பதிமூன்றில் நோய்ச் சந்தேகம் உள்ளவனை ஏழு நாள் தனியே வைக்கிறார்கள். குரு பார்க்கிறார், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். கூட்டினால் பதினான்கு, அரசாங்கம் சொன்ன அதே கணக்கு. பதினான்கிலோ, குணமானவனைப் பார்க்கக் குருவே பாளையத்தை விட்டு வெளியே போகிறார். அவனைத் திரும்ப உள்ளே சேர்ப்பதற்குத்தான் அத்தனை நீளமான சடங்கு. தனியே வைப்பது வேறு, தள்ளிவிடுவது வேறு. பதினான்கு நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாள் முடிந்ததும் போய்க் கூட்டிவருகிறவர் யார் என்று முள் போட்டவர்கள் யோசிக்கவில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியைத் தொடுகிறார். பிள்ளைகளுக்கு அதை நடத்தும்போது, நோய் நீங்கியது என்ற 42-ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். 45-ஆம் வசனம் வரை போங்கள். குணமான மனிதன் புறப்பட்டுப் போய்ச் செய்தியைப் பரப்புகிறான். இயேசுவால் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியவில்லை. ஆளில்லாத இடங்களில் தங்குகிறார். வெளியே இருந்தவன் உள்ளே போனான், தொட்டவர் வெளியே நின்றார். மறைக்கல்வி எடுக்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். இதை விட்டால் அது வெறும் வைத்தியக் கதை.

உபதேசியார் ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. வீட்டில் எல்லாரும் தடுத்தும் அவர் தினம் காலையில் கொட்டகைக்கு இருபதடி தள்ளி, வரப்பில் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, பையன் எடுக்கும்வரை நின்று பேசிவிட்டு வருவார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, எல்லாம் முறைப்படிதான். விசுவாசம் இருந்தால் தொற்றாது என்று அப்போது சிலர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயா அதைக் கேட்டுச் சிரித்தார். "ஆண்டவரைச் சோதிக்காதேன்னு பிசாசுக்கே சொன்னாரு, நமக்குச் சொல்ல மாட்டாரா?"

பையனுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை. பதினான்கு நாள் முடிந்த காலையில் ஐயாதான் கொட்டகைக்குப் போய் அவனை அழைத்துக்கொண்டு வந்தார். முள்ளை யார் எடுத்தார்களோ, தெரியாது, வழி திறந்திருந்தது. ஆனால் டீக்கடையில் அவனுக்கு மட்டும் பேப்பர் கப். நடவுக்குக் கூப்பிடவில்லை. அவன் அம்மாவையும் களையெடுப்புக்குச் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 1-ல் தமிழ்நாடு முழுவதும் கோயில்கள் திறந்தன. முதல் ஞாயிறு பூசையில் நன்றி மன்றாட்டு நீளமாகப் போனது. ஊர் தப்பியதற்கு எல்லாரும் கைகூப்பினோம். செப்டம்பர் 28-ல் கோயம்பேடு காய்கறிச் சந்தை திறந்தது. அந்த வாரமே பையன் லாரி ஏறிவிட்டான். எங்கள் ஊரில் அவனுக்கு வேலை கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.