செஞ்சிக்கு அரை நாள் போதாது! பெரியவர்களோடு நிதானமாக நான்கு நாள்கள்

'செஞ்சிக் கோட்டை பார்த்தாச்சு' என்று சொல்பவர்களிடம் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'திருவண்ணாமலை போகும் வழியில் ஒரு மூன்று மணி நேரம்' என்பார்கள். அந்த மூன்று மணி நேரமும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராஜகிரி மலையில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும்? "நீங்க போயிட்டு வாங்க, நாங்க வண்டியிலயே இருக்கோம்" என்று கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

அவுரங்கசீப்பின் படை இதே கோட்டையை 1690-ல் முற்றுகையிடத் தொடங்கி, 1698-ல்தான் பிடித்தது. உள்ளே இருந்தவர் சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுவதற்குள் அவர் தப்பிப் போய்விட்டார். ஒரு பேரரசுக்கே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பிடித்த இடத்தை நாம் அரை நாளில் முடிக்கப் பார்க்கிறோம்!

2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். அதன் பிறகு புதிதாகப் பலர் கிளம்புகிறார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. செஞ்சியிலேயே மூன்று இரவுகள் தங்குங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே போனால் போதும். நடுப்பகல் முழுக்க ஓய்வு. இப்படி வைத்துக்கொண்டால் யாரும் வண்டியில் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாள்: வந்து சேருங்கள், அவ்வளவுதான்

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக செஞ்சி வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ரயிலில் வருபவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கி, பேருந்து அல்லது வாடகைக் கார் பிடிக்கலாம். அறை எடுக்கும்போது இரண்டு விஷயங்களை போனிலேயே உறுதிசெய்துவிடுங்கள். தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா?

வெயில் தாழ்ந்ததும் வெளிக்கோட்டைப் பக்கம் உள்ள வேங்கடரமணர் கோயிலுக்குப் போகலாம். நாயக்கர் காலத்துக் கோயில். இதன் தூண்களில் சிலவற்றை பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கடற்கரையில் நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். அருகிலேயே சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. தேசிங்கு ராஜா 1714-ல் போரிட்டு மாண்டது இந்த சாதத்துல்லா கானின் படையோடுதான். முதல் நாளுக்கு இது போதும்.

இரண்டாம் நாள்: மலையேறாமல் கோட்டை

காலையில் கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி உயரம். ஆனால், அடிவாரத்தில் மட்டுமே இரண்டு மணி நேரத்துக்குப் பார்க்க இருக்கிறது. கல்யாண மகால், களஞ்சியங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம் எல்லாமே பெரும்பாலும் சமதரையில்தான். அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு வடிவக் கூரையில் முடியும் கல்யாண மகாலின் நிழலில் உட்கார்ந்தாலே அரை மணி நேரம் போவது தெரியாது. சுடுமண் குழாய்கள் வழியாக இங்கே தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். களஞ்சியத்தின் சுவர் எவ்வளவு கனம் என்று உள்ளே போய்ப் பாருங்கள். எட்டு ஆண்டு முற்றுகையை எப்படித் தாங்கினார்கள் என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

இளையவர்கள் மலையேற நினைத்தால் இந்தக் காலையிலேயே ஏறட்டும். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். குரங்குகள் அதிகம் என்பதால் கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்.

மாலையில் சிங்கவரம். ஊருக்கு வடக்கே நான்கு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடைவரைக் கோயில். ஒரே பாறையில் வடித்த ரங்கநாதர், சுமார் 24 அடி நீளம், பள்ளிகொண்ட கோலம். போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்கு ராஜாவைப் பார்க்கப் பிடிக்காமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். இங்கே படிகள் உண்டு. இருபது படி ஏறி, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலி உள்ள காலை முதலில் வைக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சிரமம் என்பதால், திரும்பும்போது அவசரமே கூடாது.

மூன்றாம் நாள்: தொண்டூர்

கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடும் ஊர் இது. செஞ்சி வட்டத்தில், வயலும் ஏரியுமாக இருக்கும் கிராமம். ஒரு கார் பேசிக்கொண்டு காலையில் கிளம்புங்கள்.

ஊரை ஒட்டிய குன்றில் இயற்கையான குகைத்தளம் இருக்கிறது. சமண முனிவர்கள் படுக்க, பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் அதில் உள்ளன. பாறையில் பார்சுவநாதர் சிற்பமும் உண்டு. இங்குள்ள தமிழ்-பிராமி கல்வெட்டு சுமார் கி.பி. 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இளங்காயிபன் என்பவர் சொல்ல, அகழூரைச் சேர்ந்த மோசி என்பவர் இந்த இருப்பிடத்தைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. அந்த அகலூர் இன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறது.

சமண முனிவர்கள் வண்டி ஏற மாட்டார்கள். ஊர் ஊராக நடந்தே போவார்கள். மழைக்காலம் வந்தால் நான்கு மாதம் ஓர் இடத்தில் தங்கிவிடுவார்கள். அப்படி நடந்து வந்தவர்கள் உடம்பைச் சாய்க்க, சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து ஊர்க்காரர் செய்து கொடுத்த இடம் இது. முட்டி வலியோடு மெதுவாக வந்து சேரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். நடப்பவர் ஓய்வெடுக்கவும் வேண்டும் என்பதை இந்த ஊர் அன்றே தெரிந்துவைத்திருந்தது.

குகைத்தளத்துக்குப் பாறைமேல் நடக்க வேண்டியிருக்கும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கைத்தடியும், வழுக்காத ரப்பர் அடிப்பாக செருப்பும் அவசியம். ஏற முடியாதவர்களுக்கு ஊரில் பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். நேற்று பார்த்த சிங்கவரத்துப் பெருமாளோடு ஒப்பிட்டுப் பேசப் பெரியவர்களுக்கு நிறைய விஷயம் கிடைக்கும்.

அன்று மாலை மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலையும், பாறைச் சிற்பங்கள் உள்ள மலைநாதர் கோயிலையும் நிதானமாகப் பார்க்கலாம். தொண்டூர் குகையில் பார்த்தது பழைய கதை மட்டுமல்ல, இந்த வட்டாரத்துக் கிராமங்களில் இன்றும் வாழும் சமயம் என்பது இங்கே வந்தால் புரியும்.

நான்காம் நாள்: திரும்பும் வழியில்

விழுப்புரம் சாலையில் திரும்பினால் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் எடுப்பித்தது என்று கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிறார். மலையேற்றம் கிடையாது. பயணத்தை முடிக்கப் பொருத்தமான இடம்.

கிளம்பும் முன்...

அம்மாக்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் கழிவறை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் பயணத்தன்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம். வெளியே சுற்றுவதை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தி அறைக்குத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நிற்போம் என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள். மாத்திரை நேரத்தை மாற்றுவதென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

செஞ்சியின் பாறைகள் கோடையில் அனலாகக் கொதிக்கும். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். நாள் பார்க்கும்போது காலண்டரில் பௌர்ணமியையும் அமாவாசையையும் பார்த்துவிடுங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம், அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். இரண்டுக்கும் செஞ்சிதான் வழி. கார்த்திகை தீபத்தின்போது கேட்கவே வேண்டாம்.

இந்த நான்கு நாள்களுக்கான திட்டத்தை அம்மா, அப்பாவிடம் கொடுத்து, எந்த இடம் வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களையே டிக் செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகு அறை பதிவு செய்யலாம்.