மூட்டைக் கணக்கும் மூத்திரக் கணக்கும்

பழைய துறைமுகத்தில் தோணிக்கு ஏறும் வெங்காய மூட்டையையும் செங்கலையும் எண்ணி எழுதியே முடி நரைத்தவன் நான். இப்போது அதே மாதிரி ஒரு நோட்டில் எழுதுவது மூத்திரக் கணக்கு. காலை 600, மதியம் 450.

புராஸ்டேட் வீங்கி அடைத்துக்கொண்டது. இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். டியூப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. உள்ளே போன நுனியில் ஒரு சின்ன பலூன்; 10 மில்லி தண்ணீரில் உப்பி, டியூப் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் 1930களில் கொண்டுவந்தது. என்னுடையது சிலிக்கான், பன்னிரண்டு வாரத்துக்குள் மாற்றிவிடுவார்கள்.

முதல் வருஷம் வெட்கம். தங்கை பேத்தி கல்யாணத்துக்கு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று மூத்திரம் சேரும் பையைச் சுருட்டி இடுப்பில் செருகி, மேலே வேட்டியை இறுக்கிக் கட்டிப் போனேன். பந்தியில் ரசம் வரும்போது அடிவயிறு கல்லானது. வேர்த்துக் கொட்டியது. மருமகன் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். நர்ஸ் வேட்டியை விலக்கி, மடங்கிக் கிடந்த டியூபை நிமிர்த்தி, பையை இறக்கித் தொங்கவிட்டது, அவ்வளவுதான். பை மளமளவென்று நிறைந்தது. "என்ன தாத்தா, டியூப மடிச்சா கட்டுவாக?"

1961-ல் எங்கள் ஊர்க் கடலில் கடைசியாக முத்துக் குளித்தபோது அப்பாவோடு தோணியில் போயிருக்கிறேன். கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்குவார். மேலே கயிறு பிடிப்பவர் பேச்சுக்கொடுத்தாலும் திரும்பமாட்டார். கயிறு சிக்கினால் கீழே உள்ளவர் கதி? எனக்கு அது கல்யாணப் பந்தியில்தான் உறைத்தது.

இப்போது வேட்டிக்குப் பதில் சாரம்தான் கட்டுகிறேன். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். முக்கால்வாசி நிறையும் முன்பே கையைக் கழுவிவிட்டுத் திறந்துவிடுவேன். டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன், இழுபடக்கூடாது. மலச்சிக்கல் வந்தால் குடல் அழுத்தி டியூப் அடைக்கும், ஆகவே ராத்திரி ஒரு வாழைப்பழம். டியூப் போட்டவர் மூத்திரத்தை எப்போது சோதித்தாலும் கிருமி தெரியும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் அதற்கு மாத்திரை விழுங்கக்கூடாது என்றார் டாக்டர். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று படுத்திருக்கக்கூடாது.

மே மாத உப்புக்காற்றில் வேர்வையாகவே எல்லாம் போய்விடுகிறது. நேற்று பேரன் நோட்டைப் புரட்டிவிட்டு முறைத்தான்.

"தாத்தா, மொத்தமே 700. மிச்சம் எங்கே?"

நாற்பது வருஷம் மூட்டை கொண்டுவரும் லாரிக்காரர்களிடம் நான் கேட்ட கேள்வி. பதில் சொல்லாமல் செம்பை எடுத்தேன்.