விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு தேவாலயக் கோபுரம் கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்தது தெரிந்துவிடும். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 650-க்கும் மேற்பட்ட இடைக்காலத் தேவாலயங்கள் நிற்கின்றன. நாங்கள் ஆய்வுக்குப் போனது அவற்றில் சிறிய ஒன்றுக்கு. சிக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய வட்டக் கோபுரம், ஈயத் தகடு வேய்ந்த கூரை.

உடன் வந்த சர்வேயர் உள்ளே போக அவசரப்படவில்லை. பைனாகுலரை எடுத்து முதலில் பார்த்தது மழைநீர்க் குழாய்களை. வடக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் இலை அடைத்து, நீர் சுவரில் வழிந்து பாசி படிந்திருந்தது. உள்ளே வந்து அதே இடத்தில் சுண்ணாம்புப் பூச்சை விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று ஒலித்தது. மேலே உத்திரத்தின் நுனி அந்தச் சுவருக்குள்தான் புதைந்திருக்கிறது. ஈரம் ஏறிய ஓக் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும்.

வெளிச்சுவரின் அடிப்பாகத்தில் வேறு சிக்கல். பிற்காலத்தில் யாரோ கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து உள்ளே போன ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிய, கற்கள் தளர்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்த கெடுதல்! 19-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் 'புதுப்பிக்கிறோம்' என்று பழைய பூச்சுகளைச் சுரண்டித் தள்ளினார்கள். அதை எதிர்த்தே 1877-இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஏணி வைத்துக் கூரைக்கும் ஏறினோம். பழைய ஈயத் தகடுகளில் காலணி வடிவங்களும் பெயரின் முதலெழுத்துகளும் கீறப்பட்டிருந்தன. ஒன்றில் பாதம் என் உள்ளங்கை நீளம்தான். யாருடைய பிள்ளையோ. தகடு மாற்றினால் இவையும் உருகிப் போகும் என்பதால் சர்வேயர் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

என்னை அதிகம் ஈர்த்தது பீடத்தருகே இருந்த விரிசல். பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. அவர் டார்ச் அடித்துக் காட்டினார்: விரிசலின் நுனியில் பென்சில் கோடு, பக்கத்தில் முந்தைய ஆய்வின் தேதி. விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இன்றைய தேதியை எழுதிவிட்டு, ஏட்டில் 'தொட வேண்டாம்' என்று குறித்தார். பழைய குறிப்பு இல்லாதிருந்தால் பயந்துபோய்ச் சுவரை இடித்துக் கட்டச் சொல்லியிருப்பார்கள். கை வைக்காமல் விடத் துணிவு தருவதுதான் இந்த ஆய்வின் பெரிய பயன் என்பேன்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய முறைப்படி, ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யப்பட வேண்டும். அறிக்கையில் வேலைகள் அவசர வரிசைப்படி வரும். இங்கே முதலிடம் குழாய்க்கு, அடுத்து சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்பு பூசுவதற்கு. சாவி வைத்திருந்த மூதாட்டி செலவு எவ்வளவு ஆகும் என்று இரண்டு முறை கேட்டார். பராமரிப்புப் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சபையுடையது. இந்த ஊர்ச் சபையிலோ ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.