நெப்போலியன் தீவில் ஒரு பழைய கார் கிடைக்குமா?

செயின்ட் ஹெலினா என்றதும் பலருக்கும் பள்ளிப் பாடத்தில் படித்த நெப்போலியன்தான் ஞாபகத்துக்கு வருவார். பிரிட்டிஷார் 1815-ல் அவரைக் கொண்டுபோய்க் காவலில் வைத்த தீவு. 1821-ல் அங்கேயே இறந்தும் போனார். ஆனால், இன்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் அங்கே வேலைக்குப் போகும் ஒரு நர்ஸுக்கோ ஆசிரியருக்கோ நெப்போலியனைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. அவர்களின் கவலை வேறு... கைக்கு அடக்கமான விலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்!

தீவின் பரப்பளவு 121 சதுர கிலோமீட்டர்தான். 'இதற்கு எதற்கு கார், நடந்தே போகலாமே' என்று தோன்றும். தலைநகர் ஜேம்ஸ்டவுனைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். இரண்டு செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது ஊர். பெரும்பாலான வீடுகளோ மேலே. நடந்து ஏற 'ஜேக்கப்ஸ் லேடர்' என்று 699 படிகள் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு அது சாகசம். கையில் அரிசிப் பையும் இடுப்பில் குழந்தையும் இருப்பவருக்கு? பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்கெல்லாம் வராது.

சரி, கார் எங்கிருந்து வரும்? ஆப்பிரிக்கக் கரையே சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2017-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமான சேவை தொடங்கிவிட்டது. ஆள் பறந்து வந்துவிடலாம். கார் வர முடியாதே! கேப் டவுனிலிருந்து சரக்குக் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால், பிரிட்டனில் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கும் ஒரு வண்டிகூட இங்கே மதிப்புள்ள பொருளாகிவிடும்.

அதனால் தீவிலேயே தேடுவதுதான் பலருக்கும் வழி. உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம், கடை வாசல் அறிவிப்பு, எல்லாவற்றையும்விட வாய்வார்த்தை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புபவர் காரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர் கிளம்பும் தேதி தெரிந்தால் பேரம் பேச வசதி. இரண்டு வருடம் கழித்து வாங்கியவரும் அதே இடத்தில்தான் நிற்கப் போகிறார் என்பது வேறு விஷயம்!

பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல. கடற்காற்று உப்பு, இரும்பை அடியிலிருந்து தின்னும். குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து பிரேக், கிளட்ச். கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலைகளும்தான் தீவு முழுக்க. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால், மேலே ஏறுபவருக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தச் சரிவில் நின்று கிளம்பித் தேய்ந்த கிளட்ச், வாங்கியவுடனேயே செலவு வைக்கும்.

உண்மையான சூட்சுமம் இன்னொன்று. எந்த கார் நல்ல கார் என்பதைவிட, எந்த மாடல் தீவில் நிறைய இருக்கிறது என்பதுதான் முக்கியம். உதிரி பாகம் தேவைப்பட்டால் அடுத்த கப்பல் வரும்வரை வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். அதே மாடலில் ஓய்வுபெற்ற வண்டி ஒன்று யார் வீட்டுத் தோட்டத்திலாவது கிடந்தால், அன்றே அதிலிருந்து கழற்றி மாட்டிவிடலாம். பளபளப்பான அபூர்வ மாடலைவிட, நாலு பேர் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய ஃபோர்டே மேல்.

ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயமும் அவ்வளவாக வேண்டியதில்லை. மக்கள்தொகை 4,000 சொச்சம். எந்த கார் எந்த வளைவில் இடித்தது, யார் எத்தனை வருடம் ஓட்டினார் என்பதெல்லாம் மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, ரொட்டி விற்பவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தத் தீவில் வண்டி ஓட்டுபவர்கள், எதிரே வருபவருக்குக் கையசைத்துவிட்டுத்தான் கடந்து போவார்கள். கார் வாங்கிய புதிதில் நர்ஸுக்கும் எல்லோரும் கையசைப்பார்கள். அது அவருக்கா, பழகிய அந்த காருக்கா என்பது சில வாரம் போனால்தான் தெரியும்.