டன்விச்: மண்ணும் காகிதமும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஸஃபக் பிரதேசத்தில், டன்விச் என்று ஒரு கிராமம். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு அது ஸ்வின்பர்ன் மூலம் தெரியவந்தது. 1880ல் வெளியான அவருடைய நீண்ட கவிதை ஒன்று இந்தக் கரையைப் பற்றியது. கடலுக்கடியிலிருந்து தேவாலய மணி கேட்கும் என்ற கதையும் உண்டு. மணியோசையில் எனக்கு ஆர்வமில்லை. வாக்காளர் பட்டியலில்தான் ஆர்வம்.

ஜான் மன்னன் 1199ல் சாசனம் வழங்கியபோது டன்விச் பெரிய துறைமுகம். 1286ல் ஒரு புயல். 1328ல் இன்னொன்று வந்து, கூழாங்கற்களைக் குவித்துத் துறைமுகத்தின் வாயை அடைத்தது, வியாபாரம் போயிற்று. பிறகு கடல் அவசரப்படாமல் தெருத் தெருவாக எடுத்துக்கொண்டது. ஆனால் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை கரையவில்லை. 1832ன் சீர்திருத்தச் சட்டம் அதைப் பறித்தபோது மிஞ்சியிருந்தவை 44 வீடுகள், 32 வாக்காளர்கள். நகரசபை 1886வரை நீடித்தது. ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1904லிருந்து 1919க்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் சரிந்தது.

வங்கி குமாஸ்தாவான எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆள் வராத கணக்கும் ஏட்டில் தொடரும். மண்ணைவிடக் காகிதம் கெட்டி. ஆனால் ஊரே போன பின்னும் ஒரு காகிதம் செல்லுபடியாகிறதென்றால் அதில் யாருக்கோ லாபம் இருக்கிறது. டன்விச்சின் ஆசனங்கள் கடைசிக் காலத்தில் செல்வாக்குள்ள குடும்பங்களின் கையில் இருந்தன. ஸ்வின்பர்னின் கவிதையில் கடலுக்கும் காலத்துக்கும் இடமுண்டு. இந்த லாபத்துக்கு இல்லை. சிதிலத்தைப் பாடும் எந்தக் கவிதையிடமும் இதைக் கேட்பேன்: அழிந்ததைச் சொன்னாய், அழிவின் பேரில் பிழைத்தவன் எங்கே?

இன்று டன்விச்சுக்கு ஊர் மன்றம்கூட இல்லை; ஜனத்தொகை அவ்வளவு குறைவு. ஊர்க்கூட்டம் மட்டும் நடக்கிறது. வாக்குரிமை உள்ள யாரும் நேரில் வந்து பேசலாம், கை தூக்கலாம். இரண்டு உறுப்பினர்கள் லண்டனில் உட்கார்ந்திருந்த நாட்களைவிட ஊரின் குரல் இதில் அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்திரிகை யாருடைய சார்பில் பேசுகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யாருடைய சார்பிலும் இல்லை, வந்திருப்பவர்கள் பேசுகிறோம். நாம் மிகச் சிலர் என்பதை அதற்கு எதிரான வாதமாக ஏற்க நான் தயாரில்லை.