பிரஷ் வாங்கப் போகிறீர்களா?

ஃபோம், ஜெல் எல்லாம் வந்த பிறகும் ஷேவிங் பிரஷ்ஷை விடாத கோஷ்டி ஒன்று இருக்கிறது. நான் அதில் ஆயுள்கால உறுப்பினன். நீங்களும் சேருவதாக இருந்தால், கொஞ்சம் கேளுங்கள்.

கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள். நைலான். அப்புறம் பேட்ஜர் என்ற பிராணியின் முடி. விலையைக் கேட்டால் தாடியே வளர்த்துவிடலாம் என்று தோன்றும். மூன்றாவது, ‘பியூர் பிரிஸில்’. சாட்சாத் பன்றி முடி. லேபிளில் மட்டும் பன்றி என்று இருக்காது.

என் ஓட்டு பன்றிக்குத்தான். விறைப்பான முடி, கட்டி சோப்பில் நுரை எழுப்பத் தோதானது. தண்ணீரைக் குடிக்கும் என்பதால் சில நிமிஷம் வெந்நீரில் ஊறப் போட வேண்டும். முதல் வாரம் குத்தும், ஒரு மாதிரி வாடை அடிக்கும், நாலைந்து முடி உதிரும். பயந்து தூக்கிப் போடாதீர்கள். போகப் போக முடியின் நுனிகள் கிளை பிரிந்து பூ மாதிரி ஆகிவிடும். முடி ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் கடைசிவரை துடைப்பம்தான். பன்றி முடிக்கு நடுவில் கறுப்புச் சாயப் பட்டை போட்டு பேட்ஜர் வேஷம் கட்டுவதும் உண்டு, ஜாக்கிரதை.

இந்த முடியை லேசாக நினைக்காதீர்கள். 1942-ல் பர்மா சாலையை ஜப்பானியர்கள் அடைத்த பிறகு, அமெரிக்கர்கள் சீனத்துப் பன்றி முடியை இமயமலைக்கு மேலே விமானத்தில் கொண்டுவந்தார்கள். பெயின்ட் பிரஷ்ஷுக்கு அவ்வளவு தேவை!

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத என் மாமா, நாற்பது வருஷம் பன்றி முடியால் முகத்தைத் தேய்த்துவிட்டுக் குளித்து, சந்தியாவந்தனம் செய்தார். அவருக்குக் கடைசிவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு விஷயத்தில் நான் செய்தது சரியில்லை. கூட வேலை பார்த்த பாய் ஒருவர் ரிடையர் ஆனபோது, நல்ல பிரிஸில் பிரஷ்ஷும் ஒரு சோப்புக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தேன். பெட்டி மேல் இருந்ததைப் படித்துவிட்டு “ரொம்ப நல்லாருக்கு சார்” என்றார். இரண்டு வருஷம் கழித்து நோன்புக் கஞ்சிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கை கழுவும் இடத்தில் என் கிண்ணம். அதில் ஒரு நைலான் பிரஷ். என்னுடையது ஷோகேஸில், பிரிக்காத பெட்டியோடு.

“ஏன் பாய், பிடிக்கலையா?”

அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தார். மகள்தான் சொன்னாள். “அங்கிள், அது பன்னி முடி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தா சொல்லிட்டாங்க.”

“நீ சும்மா இரும்மா” என்றார் பாய். “சார் தெரிஞ்சா செஞ்சாரு? நீங்க குடுத்தது, எப்படி சார் தூக்கிப் போடறது?”

எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. தெரியாமல் இல்லை. பிரிஸில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வாங்கும்போது அவரை நினைத்தேனே தவிர, அவர் யார் என்று நினைக்கவில்லை. கிளம்பும்போது பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இப்போது தினமும் அதில்தான் ஷேவ் செய்கிறேன். அருமையாகப் பழகிவிட்டது.

யாருக்காவது பரிசாக வாங்குவதாக இருந்தால், எந்த மிருகம் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். “பியூர் பிரிஸில் சார்” என்பார். மறுபடியும் கேளுங்கள்.