உளூ நீரில் தழைக்கும் முருங்கை

2011 டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயல், கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல வேண்டும் மரங்கள் அவை. முருங்கையோ, முறிந்தாலும் துளிர்ப்பது. கிளையை நட்டாலே வேர் பிடிப்பது. சிதம்பரத்து உறவினர் கொல்லையிலிருந்து கொணர்ந்த போத்துகளை மத்ரஸா வளாகத்தில் நட்டோம். மாணவர்கள் உளூச் செய்யும் நீர் சோப்புக் கலவாதது. அதனைச் சாக்கடைக்கு விடாமல் வாய்க்கால் வெட்டி வேருக்குத் திருப்பினோம். காய்கறித் தோல் மட்கி எருவாகிறது. கீரை நம் சமையலுக்கும் அண்டை வீட்டார்க்கும் ஆகிறது. உதிர்ந்ததை ஆடுகள் தின்கின்றன.

முஸ்லிம் ஒருவர் நட்டதை மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. கையில் கன்றிருக்க மறுமை நாளே நெருங்கினும் அதை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அடுத்த புயலுக்கு அஞ்சி நாம் நடாதிருக்கலாமா?